காம்பவுண்ட் வில்லும் பிழை பொறுக்கும் தன்மையும்

காம்பவுண்ட் வில் என்பது இரு முனைகளிலும் உருளைகள் பொருத்தப்பட்ட நவீன வில் வகையாகும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலெஸ் வில்பர் ஆலன் 1966-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1969-இல் அது வழங்கப்பட்டது.

கிணற்று ராட்டினத்தின் அச்சு நடுவில் இருக்கும். ஆலனின் உருளைகளில் அச்சு ஒருபுறம் ஒதுங்கியிருந்தது, சூட்சுமம் அதில்தான். சாதாரண வில்லை இழுக்க இழுக்கப் பளு கூடும். குறிபார்க்கும் நேரத்தில்தான் கை அதிகம் நடுங்கும். காம்பவுண்ட் வில்லிலோ பளு இடையிலேயே உச்சத்தைத் தொட்டு, முழு இழுப்பில் சரிந்துவிடும். 60 பவுண்டு வில்லில் 75 விழுக்காடு தளர்வு இருந்தால், குறிபார்க்கையில் கை தாங்குவது 15 பவுண்டுதான்.

ஆனால், கை நடுங்காவிட்டாலும் அம்பு விலகலாம். போட்டியில் இலக்கு 50 மீட்டர் தொலைவில் இருக்கும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 செ.மீ. மட்டுமே. நடுவிலிருந்து 4 செ.மீ. விலகல் என்பது மீட்டருக்கு 0.8 மி.மீ. கணக்கு. பிடியில் மணிக்கட்டு சற்றே திரும்பினால் போதும், புள்ளி போய்விடும். இத்தகைய சிறு தவறுகளின் விளைவைக் குறைக்கும் வில்லையே 'பிழை பொறுக்கும் வில்' என்கிறோம்.

இதில் முக்கியமானது, இழுக்காத நிலையில் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி. அது குறைந்தால் நாண் அம்பை அதிகத் தூரம் தள்ளும், வேகம் கூடும். ஆனால் அம்பு நாணிலேயே நெடுநேரம் இருப்பதால் கையின் பிசகும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். அடுத்தது, இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட நீளம். நீண்ட வில் எளிதில் முறுகாது. புதருக்குள் நகரும் வேட்டைக்காரருக்குக் குட்டை வில் வசதி. பந்தய வீரர் நீளமானதையே நாடுவார்.

விளம்பரங்கள் வேகத்தையே பெரிதாகப் பேசும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எய்பவருக்கு வேகம் உதவும்தான். தூரம் முன்பே தெரிந்த போட்டியில் மாறாமல் எய்யவிடும் வில்லே மேல்.

உலக வாகையர் போட்டியில் காம்பவுண்ட் பிரிவு 1995-இல் ஜகார்த்தாவில் சேர்க்கப்பட்டது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் இந்திய ஆடவர் அணி தங்கம் வென்றது. 2023 ஆகஸ்டில் பெர்லினில் ஜோதி சுரேகா, அதிதி சுவாமி, பர்னீத் கவுர் அணி இந்தியாவுக்கு உலக வாகையர் போட்டியின் முதல் தங்கத்தைத் தந்தது. மறுநாள் தனிநபர் பிரிவில் அதிதி 17 வயதில் வாகை சூடினார். ஆடவர் இறுதியில் ஓஜஸ் தேவ்தலே எய்த 15 அம்புகளும் பத்துப் புள்ளி வட்டத்தில் பாய்ந்தன. எதிர்த்து ஆடிய போலந்து வீரர் எடுத்தது 149. இடைவெளி ஒரே புள்ளி.