தராகி சிவராம்: ஆங்கிலத்தில் மிஞ்சியவையும் தமிழில் எரிந்தவையும்

2005 ஏப்ரல் 29 காலை, கொட்டாஞ்சேனையில் மாமாவின் வீட்டில் வானொலி வழமையைவிடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. செய்தி வந்ததும் மாமா பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வாசலில் அப்படியே நின்றார். முதல் நாள் இரவு பம்பலப்பிட்டி பொலிஸ் நிலையத்துக்கு அருகே கடத்தப்பட்ட ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராமின் உடல், நாடாளுமன்றத்துக்கு அண்மையில், அதியுயர் பாதுகாப்பு உள்ள பகுதியில் கிடந்தது. சுடப்பட்டிருந்தார். வயது 45. யுத்த நிறுத்த ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலம் அது.

இப்போது நான் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறேன். கொட்டாஞ்சேனைக்குப் போக 155 பஸ்ஸில் ஏறினால் பம்பலப்பிட்டி வரும். ஊடகக் கல்வியில் பட்டம் பெற்றவன் நான். ஆனால் படித்த காலத்தில் ஒரு விரிவுரையிலாவது சிவராமின் பெயர் வந்ததாக நினைவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு. போருக்குப் பின் வளர்ந்தவர்களில் பலருக்கு அவர் நினைவுதினப் பதாகையில் இருக்கும் ஒரு முகம் மட்டுமே.

1959 ஆகஸ்ட் 11 அன்று மட்டக்களப்பில் பிறந்தவர். அங்கே புனித மைக்கேல் கல்லூரியில் படித்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானார், படிப்பை முடிக்கவில்லை. புளொட் இயக்கத்தில் சேர்ந்தார். 1988 இல் அதன் அரசியல் கட்சியான ஜனநாயக மக்கள் விடுதலை முன்னணியின் செயலாளரானார். அடுத்த ஆண்டே விலகினார். இந்தப் பகுதியைச் சிலர் மெல்லத் தாண்டிப் போவார்கள். தாண்டக்கூடாது என்பது என் கருத்து. ஆயுதம் ஏந்திய இயக்கமொன்றை உள்ளிருந்து பார்த்தவர் என்பதால்தான் அவருடைய இராணுவ ஆய்வுகள் மற்றவர்களின் எழுத்தைப்போல் இருக்கவில்லை.

ஊடகத்துக்குள் அவரைக் கொண்டுவந்தவர் நண்பர் றிச்சர்ட் டி சொய்சா. இன்டர் பிரஸ் சேர்விஸ் செய்தி நிறுவனத்தில் பணியாற்றிய றிச்சர்ட், 1990 பெப்ரவரியில் வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காலத்திலேயே 'ஐலண்ட்' பத்திரிகையில் தராகி என்ற பெயரில் சிவராமின் பத்தி வரத் தொடங்கியிருந்தது. 'தாரகை' என்று அவர் வைக்க நினைத்த பெயர் ஆசிரியபீடத்தில் தராகி ஆகிவிட்டது என்று நண்பர்கள் சொல்வதுண்டு. தராகி யார் என்று கொழும்பில் பலர் தேடினார்கள். புலிகளின் போர் முறையையும் அரச படைகளின் பலவீனத்தையும் உணர்ச்சி கலக்காமல் எழுதியதால், படை அதிகாரிகளும் தூதரகக்காரரும் அதைத் தேடி வாசித்தார்கள். 1992 இல் 'லங்கா கார்டியன்' இதழில் தமிழர் போர் மரபு பற்றி அவர் எழுதிய தொடர் இன்னொரு வகை. தென்தமிழகத்து மறவர்களிலிருந்து தொடங்கி, பிரித்தானியர் அந்தச் சமூகங்களிடமிருந்து ஆயுதத்தை எப்படிக் களைந்தார்கள் என்பதுவரை போகும். வரலாற்று மாணவர்கள் இன்றைக்கும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

அவருடைய பெரிய வேலை தமிழ்நெற் என்றே நான் சொல்வேன். 1997 இல் தொடங்கிய அந்த ஆங்கிலச் செய்தித்தளத்தை அவர் ஒழுங்குபடுத்திய விதம் எளிமையானது. வடகிழக்கில் ஊருக்கு ஊர் செய்தியாளர்கள் இருந்தார்கள். அவர்கள் தமிழில் சொன்னது செய்தி நிறுவனப் பாணியில், அடைமொழி இல்லாத ஆங்கிலத்தில், உலகத்துக்குப் போகும். யார் சொன்னது, எங்கே, எத்தனை மணிக்கு என்பது இருக்கும். 'கொடூரமான', 'ஈவிரக்கமற்ற' போன்ற சொற்கள் இருக்காது. வாகரையிலோ மன்னாரிலோ விழுந்த எறிகணை பற்றிக் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை இராணுவ அறிக்கையை மட்டும் போட்ட காலத்தில், இன்னொரு விவரமும் இருக்கிறது என்று வெளிநாட்டுச் செய்தியாளருக்குத் தெரிய வந்தது இப்படித்தான். 2007 ஜூனில் இலங்கையில் அந்தத் தளம் முடக்கப்பட்டது.

தமிழில் அவர் எழுதிய பத்தி வேறு குரலில் இருந்தது. 'வீரகேசரி' ஞாயிறு இதழில் வந்ததை மாமா வெட்டிக் கோப்பில் ஒட்டி வைப்பார். ஆங்கிலத்தில் வெளியாருக்குத் தமிழர் பக்கத்தை விளக்கியவர், தமிழில் தமிழரோடு வாதாடினார். வல்லரசுகளுக்கு இந்தத் தீவில் என்ன தேவை, திருகோணமலை ஏன் எல்லோர் கண்ணிலும் படுகிறது, சமாதானப் பேச்சு எப்படிப் பொறியாகலாம் என்று பள்ளிக்கூட வாத்தியாரைப்போல் படி படியாகச் சொல்வார். 2004 மார்ச்சில் கருணா பிரிந்தபோது, மட்டக்களப்பாரான அவர் அந்தப் பிரிவை எதிர்த்தார். ஊரில் அதனால் அவருக்குப் பகை கூடியது. ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஆரம்ப ஆண்டுகளில் புலிகளையும் விமர்சித்த பேனா, பிற்காலத் தமிழ்ப் பத்திகளில் அதை அநேகமாக விட்டுவிட்டது. இறந்தபின் புலிகள் அவருக்கு 'மாமனிதர்' பட்டம் கொடுத்தார்கள்.

ஆங்கிலத்தில் எழுதுபவரை, தூதரகங்களுக்குத் தெரிந்தவரைத் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கை அப்போது கொழும்புத் தமிழரிடம் இருந்தது. தமிழில் மட்டும் எழுதியவர்களுக்கு அந்த நம்பிக்கையும் இல்லை. 2004 மே 31 அன்று மட்டக்களப்பில் 'வீரகேசரி' செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் சிவராமின் வீட்டைப் பொலிஸார் சோதனையிட்டிருந்தார்கள். ஓராண்டுக்குள் அவரும் போனார். ஆங்கிலத்தில் எழுதிய இன்னொரு தமிழரான ஜே. எஸ். திசைநாயகத்தை அவருடைய ஆங்கில வரிகளே சிறைக்கு அனுப்பின. 2008 மார்ச் 7 இல் கைதான அவருக்கு, 2006 இல் சஞ்சிகையில் எழுதியவற்றுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், 2009 ஆகஸ்ட் 31 அன்று கொழும்பு மேல் நீதிமன்றம் 20 ஆண்டு கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. மறு ஆண்டு மன்னிப்புக் கிடைத்தது. மிரட்டல் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவும் இல்லை. இரு மொழியிலும் எழுதிய டி. பி. எஸ். ஜெயராஜ் புலிகளை விமர்சித்தவர். 1993 இல் ரொறன்ரோவில் தாக்கப்பட்டுக் கால் முறிந்தது.

சிவராம் கொலை தொடர்பாக ஒருவர் கைதாகிப் பின்னர் விடுவிக்கப்பட்டார். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

2007 ஜூன் 7 விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளிலிருந்து 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அதற்குள் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் வீட்டைத் துப்புரவாக்கத் தொடங்கிவிட்டார்கள். மாமி மாமாவின் கோப்பைப் பின்வளவுக்குக் கொண்டுபோனார். "பேப்பர்தானே, சோதனைக்கு வந்தா உங்களையெல்லோ கேப்பாங்கள்" என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய் மட்டையோடு சேர்ந்து எரிந்தது.

சிவராமின் ஆங்கிலக் கட்டுரைகளை இன்று தேடினால் நிறையவே கிடைக்கின்றன. 1991 இல் பிரான்ஸில் ஒரு தொகுப்பு வந்தது. மானிடவியலாளர் மார்க் விற்றேக்கர் அவரைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 2007 இல் வெளியானது. எங்களோடு வாதாடிய தமிழ்ப் பத்திகளுக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது. பழைய ஞாயிறு இதழ்களை யாராவது வைத்திருக்கிறார்களா என்று கொட்டாஞ்சேனையில் வீடு வீடாகக் கேட்டு வருகிறேன். இதுவரை மூன்று கிடைத்திருக்கின்றன. ஒன்றில் பாதிப் பக்கம் இல்லை. மிளகாய்த்தூள் சுற்றிய கறை இருக்கிறது.