நாள்பட்ட தூக்கமின்மை: ஒலிவழி உதவியும் நடத்தைசார் சிகிச்சையும்

வாரத்திற்கு 3 இரவுகளேனும், 3 மாதங்களுக்கு மேல் உறக்கம் வராமலோ இடையில் கலைந்தோ பகற்பணி பாதிக்கப்படுமாயின், அது நாள்பட்ட தூக்கமின்மை எனப்படும். கொல்லிமலையின் தேவனூர் நாடு போன்ற பகுதிகளில் இதனைப் புறக்கணித்தல் கூடாது. மிளகு பறிக்க மரமேறுவோருக்கும், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதையில் வாகனம் ஓட்டுவோருக்கும் பகலில் கண் அயர்வது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒலிவழி உதவி

மெல்லிசையும் மழை போன்ற சீரான ஓசையும் மனத்தைக் கவலையிலிருந்து திருப்ப உதவலாம். 2022-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 1,007 பேர் பங்கேற்ற 13 ஆய்வுகளை ஆராய்ந்தது. இசை கேட்டோர் உறக்கத்தின் தரம் மேம்பட்டதாகக் கூறினர்; ஆயினும் தூக்கமின்மையின் தீவிரம் குறைவதற்கான சான்று வலுவாக இல்லை. சீரான இரைச்சலுக்கான சான்று அதனினும் குறைவு. கேட்க விரும்பினால் ஒலியைக் குறைத்து, சிறிது நேரத்தில் தானே நிற்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

நடத்தைசார் சிகிச்சை

அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் இம்முறையை உள்ளடக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையே முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. 'படுக்கை என்றால் விழிப்பு' என்று பழகிவிட்ட மூளையை இது மாற்றிப் பழக்குகிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

• எத்தனை மணிக்கு உறங்கினாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள்.
• உறக்கம் வரும்போது மட்டுமே படுங்கள்.
• ஏறத்தாழ 20 நிமிடம் விழித்திருந்தால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக அமருங்கள். உறக்கம் வந்தபின் படுங்கள்.
• பகல் உறக்கத்தையும், பிற்பகலுக்குப் பின் காபி, தேநீரையும் தவிருங்கள்.

படுக்கையில் இருக்கும் நேரத்தைச் சுருக்கும் முறையை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே மேற்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் பகல் அயர்வு கூடுமாதலால் அந்நாட்களில் மரமேறுதலையும் வாகனம் ஓட்டுதலையும் தவிருங்கள். வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டையும் சேர்த்துப் பின்பற்றலாம். ஒலி துணை; பழக்கமாற்றமே சிகிச்சை. ஆனால் இசை கேட்டபடி மணிக்கணக்கில் விழித்துக் கிடப்பது பழைய பழக்கத்தையே வலுப்படுத்தும்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

நள்ளிரவில் எழுந்து அமர்பவரைப் படுக்கும்படி வற்புறுத்தாதீர்கள். பலத்த குறட்டை, மூச்சுத் தடை, நீங்காத வலி, மனச்சோர்வு இருப்பின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் பரிந்துரையின்றித் தூக்க மாத்திரை வேண்டாம். உறக்கத்திற்காக மது அருந்துவதும் கூடாது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மனஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தற்கொலை எண்ணம் தோன்றினால் தாமதியாமல் உதவி பெறுங்கள்.