டிங்: படையல் பாத்திரமும் அரசுரிமையும்

சீனத்தின் ஹெனான் மாகாணத்தில் ஆன்யாங் நகரையொட்டி வூகுவான் என்றோர் ஊர். 1939-இல் அங்கே மண்ணைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்தது 133 செ.மீ. உயரமும் 832 கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட வெண்கலப் பாத்திரம். அறுத்தெடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அப்போது அப்பகுதியைப் பிடித்திருந்த ஜப்பானியர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று திரும்பவும் புதைத்துவிட்டார்கள். 1946-இல்தான் அது மறுபடி வெளியே வந்தது. இந்த வகைப் பாத்திரத்துக்குப் பெயர் 'டிங்'.

அதன் உட்புறத்தில் இருப்பவை மூன்றே எழுத்துகள். 'சி மு வூ' என்று முதலில் படித்தார்கள். அன்னை வூவுக்குப் படையல் என்று பொருள் கொண்டார்கள். பாத்திரம் வார்க்கப்பட்ட ஷாங் அரசமரபின் காலத்தில் ஓர் எழுத்தை இடப்பக்கம் பார்த்தும் எழுதலாம், வலப்பக்கம் பார்த்தும் எழுதலாம். ஆகவே முதலெழுத்தை 'ஹோ', அதாவது அரசி என்றும் படிக்க இடமிருக்கிறது. 1976-இல் கொள்ளை போகாமல் கிடைத்த ஃபூ ஹாவ் அரசியின் கல்லறையிலும் 'அன்னை ஷின்' என்ற பெயருக்கு முன்னால் அதே எழுத்து. ஷின் என்பது ஃபூ ஹாவுக்கு இறந்தபின் வழங்கிய பெயர். 2011-இல் சீன தேசிய அருங்காட்சியகம் பழைய பெயரை நீக்கி 'ஹோ மு வூ டிங்' என்று எழுதி வைத்தது. ஒற்றை எழுத்துக்காக இத்தனை ஆண்டு வாதாடியிருக்கிறார்கள், அதுவே அழகு.

டிங் பிறந்தது அடுப்படியில். வெண்கலத்துக்கு முன்பே மண்ணில் மூன்று காலோடு வனைந்தார்கள். கால்களுக்கு நடுவே தீ மூட்டினால் தனி அடுப்பு வேண்டாம். ஷாங் அரசர்கள் குறி கேட்ட எலும்புகளில் வரும் டிங் எழுத்தே ஒரு படம்தான்: மேலே இரண்டு காது, நடுவில் வயிறு, கீழே கால். ஓசை நெருக்கமாக இருந்ததால் 'குறி கேட்டல்' என்ற வினைக்கும் அந்தப் படத்தையே எழுதினார்கள்.

முன்னோருக்கு இறைச்சி படைக்கும் பாத்திரம் அரசனின் உரிமைச் சின்னமானது. கி.மு. 606-இல் சூ நாட்டு மன்னன் ஜுவாங், தனக்கு மேலான பேரரசராயிருந்த சோவ் அரசரின் டிங்குகள் எவ்வளவு பெரியவை, என்ன எடை என்று விசாரித்தானாம். கேட்டது எடையை, கண் வைத்தது அரியணையை. அதிலிருந்து 'வென்டிங்', டிங்கைக் கேட்டல், ஆட்சியைப் பிடிக்க முனைவதற்குப் பெயராயிற்று. இன்றைய சீன விளையாட்டுச் செய்திகளில் கோப்பைக்குக் குறிவைக்கும் அணிக்கும் இதே சொல்தான்.

சமையற்கட்டை இந்தச் சொல் முற்றாக விட்டுவிடவும் இல்லை. மாண்டரின் பேசுவோர் வாணலியைக் 'குவோ' என்கிறார்கள். தென்கிழக்கே ஃபூஜியனிலும், அங்கிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் குடியேறிய ஹொக்கியன் வீடுகளிலும் வாணலிக்குப் பெயர், மூக்கொலியோடு சொல்லும் 'தியா'. எழுத்தில் அது அதே டிங்.