துரு போகணும், கம்பி நிக்கணும்

ஒர்க்‌ஷாப் நாட்களை நினைத்தால் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது எமரி தாள்தான். தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அது அவ்வளவு லேசான சமாச்சாரமில்லை என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு.

ஐரோப்பாவில் இரும்புத் தகட்டுக்கு வெள்ளீயம் பூசியவர்கள், முதலில் துருவை எடுக்க, புளிக்கவைத்த தவிட்டுத் தண்ணீரில் தகட்டை ஊறப்போட்டார்கள். நாம் பித்தளைக்குப் புளி போடுகிற மாதிரிதான்! பொறுமை வேண்டிய வேலை. பிறகு கந்தக அமிலம் மலிவாகக் கிடைத்தது. வேலை வேகமானது, கூடவே வினையும் வந்தது.

1875-ல் வில்லியம் ஜான்சன் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். அமிலத்தில் சில நிமிஷமே கிடந்த இரும்பும் எஃகும் வளைத்தால் படக்கென்று முறிகின்றன. முறிந்த இடத்தை ஈரமாக்கினால் நுரை பொங்குகிறது. கொஞ்ச நாள் சும்மா வைத்தாலோ, சூடு காட்டினாலோ பழைய பலம் திரும்புகிறது என்று எழுதினார்.

குற்றவாளி ஹைட்ரஜன்! அமிலம் இரும்பைத் தின்னும்போது பிறக்கிற ஹைட்ரஜனில் ஒரு பகுதி குமிழாக வெளியேறாமல் உலோகத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. வெளியே மினுமினுப்பு, உள்ளே பலவீனம்.

பரிகாரமும் சமையலறைப் பக்கத்திலிருந்தே வந்தது. 1872-ல் மரங்கோனியும் ஸ்டெஃபனெல்லியும் அமிலத்தில் பசை, ஜெலட்டின், தவிடு ஆகியவற்றின் சாறு கலந்து பார்த்தார்கள். 1895-ல் பால்ட்வின் என்பவர் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகும் தாவர எண்ணெயும் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இவை வெறும் இரும்பின்மேல் ஒட்டிக்கொண்டு காவல் நிற்கும். அமிலம் துருவை மட்டும் கரைக்கும். ஆனாலும் ஹைட்ரஜன் பயம் முழுசாகத் தீராது.

அதனால்தான் அதிக பலமுள்ள எஃகு போல்ட்டுகளுக்கு முலாம் பூசினால், உடனே சுமார் 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுடவைக்கிறார்கள். ஜான்சன் சொன்ன அதே சூடு! அல்லது அமிலமே வேண்டாமென்று, 1870-ல் அமெரிக்கர் டில்மன் காப்புரிமை பெற்ற மணல் வீச்சு முறையின் வழியில் போகிறார்கள்.

நண்பர்களே, இனி யாராவது "ஆசிட்ல போடுங்க சார், அஞ்சு நிமிஷத்துல பளபளன்னு ஆயிடும்" என்றால், "ஆகும்ப்பா, அப்புறம் பாரம் தாங்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.