குத்துவிளக்கில் இருக்கும் ஊர்ப்பெயர்

 

சித்ரா பௌர்ணமி வருதுன்னு போன ஞாயிறு ஆலயச் சாமான் அறையைச் சுத்தம் செய்தோம். பழைய குத்துவிளக்கு ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்தபோது அடித்தட்டில் எழுத்து தெரிந்தது. உபயதாரர் பெயர் தேய்ந்து போச்சு. ஊர் மட்டும் நல்லா இருக்கு: தெலுக் ஆன்சன். தொண்டர் தம்பி ஒருவர், "இது வேற ஊரு விளக்கா? பட்டறையில கொடுத்து தெலுக் இந்தான்னு மாத்திடலாமா?" என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை, நாங்கதான் சொல்லிக் கொடுக்காம விட்டுட்டோம்.

இந்தான் என்றால் மலாயில் வைரம். அதனால் ஆற்றில் வைரம் கிடைத்த ஊர் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். வழிவழியாக வரும் கதை வேறு. சுமாத்திராவின் மண்டாய்லிங் இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் வியாபாரி இங்கே இருந்தாராம். பெயர் மாக் இந்தான். மாக் என்றால் அம்மா. அவர் பெயரால்தான் தெலுக் மாக் இந்தான். ஆக, வைரம் என்பது கல் இல்லை, ஒரு அம்மாவோட பேரு. நம்ம வீடுகளில் வைரம்மாள் இல்லையா, அது மாதிரி.

கடல் தள்ளி இருக்கே, அப்புறம் எப்படி 'தெலுக்' என்று கேட்கலாம். விரிகுடா மட்டுமில்லை, ஆறு வளைகிற இடமும் தெலுக்தான். பேராக் ஆறு நம்ம ஊரில் வளைந்து திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

அப்போது இது ஒரே ஊராகவும் இல்லை. டுரியான் செபாதாங், பாசிர் பெடாமார், பாத்தாக் ராபிட் என்று ஆற்றோரமாகத் தனித்தனி இடங்கள். டுரியான் செபாதாங் என்றால் ஒற்றை டுரியான் மரம். பாத்தாக் என்பது சுமாத்திரா மக்களின் பெயர், மண்டாய்லிங்காரர்களும் அந்தப் பக்கம்தான். மாக் இந்தான் கதை சும்மா கட்டியது இல்லை என்று எங்களுக்குத் தோன்றுவது இதனால்தான்.

1874 பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் கை ஓங்கியது. 1882-ல் ஊர் தெலுக் ஆன்சன் ஆனது. பினாங்கின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த சர் ஆர்ச்சிபால்ட் ஆன்சன்தான் நகரத்துக்குப் பிளான் போட்டவர் என்பார்கள். 1885-ல் சாய்ந்த கோபுரம் எழும்பியது, 1893-ல் தாப்பா ரோட்டிலிருந்து ரயில் வந்தது. ஈயம் இந்த வழியாகத்தான் கப்பலுக்குப் போனது. அப்புறம் ரப்பர் வந்தது, நம்ம ஆளுங்களும் வந்தாங்க. நோவா ஸ்கோஷியா, சப்ராங் என்று எஸ்டேட் எதுவானாலும், சம்பளம் போட்டால் சாமான் வாங்கவும் சாமி கும்பிடவும் டவுனுக்கு வருவார்கள். அவர்கள் வாயில் இது தெலுக் ஆன்சன்தான்.

நூறு வருஷம் ஓடியது. 1982-ல் சுல்தான் இட்ரிஸ் ஷா பழைய அம்மாவின் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். அது சரியான காரியம், எங்களுக்கு அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனாலும் சீனர்கள் இன்றைக்கும் 'ஆன் சுன்' என்றுதான் சொல்கிறார்கள். எங்களில் ஐம்பது தாண்டியவர்களின் பிறப்புப் பத்திரத்திலும் ஆன்சன்தான் இருக்கிறது.

விளக்கு கொடுத்தவர் அந்தத் துரைக்கு மரியாதை செய்யவா அதை வெட்டினார்? ஆன்சன் யார் என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. அவருக்கு அது தன் ஊர், தன் முருகன் இருக்கிற ஊர். சொந்தப் பெயர் அழிந்த பிறகு அவரைப் பற்றி மிச்சம் இருப்பது அந்த ஊர்ப் பெயர் ஒன்றுதான். அதையும் சுரண்டி எடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை. கேட்ட தம்பியும் ஒத்துக்கொண்டார்.

விளக்கை அப்படியே சித்ரா பௌர்ணமி அன்று மூலஸ்தானத்துக்கு முன்னால் ஏற்றுகிறோம். உங்கள் வீட்டில் தெலுக் ஆன்சன் என்று போட்ட பழைய பத்திரம், ரசீது, கல்யாணப் பத்திரிகை இருந்தால் வீசிடாதீங்க. ஆலய அலுவலகத்துக்குக் கொண்டு வாங்க, காப்பி எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துடுவோம்.