வேகவதிக் கரையில் ஜினகாஞ்சி

காஞ்சிபுரம் போகிற நம்மவர்கள் பெரிய கோயில்களைத் தரிசித்து, பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பிள்ளையார்பாளையம் தாண்டி, வேகவதி ஆற்றைக் கடந்தால் திருப்பருத்திக்குன்றம் என்ற சிற்றூர் வரும். சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி போல இதற்கு ஜினகாஞ்சி என்று பெயர். தமிழ்ச் சமணர்களுக்கு இது தாய்வீடு மாதிரி.

இவ்வூரின் பழமைக்குப் பள்ளன்கோவில் செப்பேடு சாட்சி. கி.பி. 6ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் சிம்மவர்மன், தன் ஆறாம் ஆட்சியாண்டில், பருத்திக்குன்றத்து வர்த்தமானர் கோயில் வழிபாட்டுக்காக வச்சிரநந்தி முனிவருக்கு நிலம் விட்ட செய்தி அதில் இருக்கிறது.

பின்னாளில் இங்கே வாமன முனிவர் வாழ்ந்தார். தமிழில் மேருமந்தர புராணம் பாடியவர் அவர். அவருடைய மாணவர் புஷ்பசேனர். புஷ்பசேனரின் சீடர் இருகப்பர், விஜயநகரப் படைத்தலைவர். வடமொழியில் நானார்த்த ரத்னமாலை என்னும் நிகண்டு எழுதியவர். குருவின் சொற்படி 1387ல் இங்கே சங்கீத மண்டபம் கட்டினார். அதன் மேல்விதானத்தில் ரிஷபர், நேமிநாதர், மகாவீரர் வரலாறுகள் வண்ண ஓவியங்களாக ஓடுகின்றன. கண்ணன் கதையும் அங்கே உண்டு. நேமிநாதருக்குக் கண்ணன் உறவாயிற்றே! இவற்றையெல்லாம் டி.என். ராமச்சந்திரன் ஆராய்ந்து, 1934ல் சென்னை அருங்காட்சியக வெளியீடாகத் தனி நூலே எழுதினார்.

சரி, ராஜா கொடுத்தார், மந்திரி கட்டினார். காப்பாற்றினது யார்? சோழர் காலக் கல்வெட்டில் இவ்வூரின் 'ருஷி சமுதாயம்' பேசப்படுகிறது. ஒரு தனி ஆள் இல்லை, சமுதாயம்! நிலத்தை அது பொறுப்பேற்று நடத்தியது. பல்லவர் போனார், சோழர் போனார், விஜயநகரமும் போயிற்று. ஜினகாஞ்சி மடமே செஞ்சிப் பக்கம் மேல்சித்தாமூருக்கு இடம் மாறிவிட்டது. ஆனாலும் கோயில் விளக்கு அணையவில்லை. பெரிய பணக்காரர்கள் ஏற்றிய விளக்கு இல்லை அது. உழுது பயிரிட்டு, பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடிக்கிற நயினார் குடும்பங்கள் ஏற்றியது.

இந்த ஊரின் குணத்தைச் சொல்ல கோயிலுக்குள் இருக்கிற குரா மரம் போதும். அது தன் அளவில் கூடாமலும் குறையாமலும் நிற்கிறது என்பது ஊரார் நம்பிக்கை. ஊரும் அப்படித்தான். ஆடம்பரமாக வளரவும் இல்லை, அழிந்துபோகவும் இல்லை. சைவ, வைணவப் பெருங்கோயில்களுக்குப் பக்கத்திலேயே, சண்டை சச்சரவு இல்லாமல் தன் வழியில் இருந்துவிட்டது.

இப்போது நிலைமை வேறு. சமணக் குடும்பங்கள் சிலவே மிச்சம். பிள்ளைகள் படித்து, பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டார்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் ஏது? நானும் அப்படி வந்தவன்தான். வெளிமாநிலத்தில் "ஜைனர்" என்றால் "மார்வாடியா?" என்று கேட்கிறார்கள். நம் தமிழர்களே கேட்கும்போதுதான் மனசு வலிக்கிறது.

அதைவிட வலி வேகவதியைப் பார்த்தால். திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிற ஆறு, காஞ்சியில் சாக்கடையும் சாயக்கழிவும் சுமக்கிறது. கரையெல்லாம் ஆக்கிரமிப்பு. கோயிலுக்குக் கொடுக்க நன்கொடையாளர் கிடைக்கிறார்கள். ஆற்றுக்காகப் பேசத்தான் ஆளில்லை. ஆறு இல்லாமல் ஆற்றங்கரை ஊர் ஏது?

அடுத்த முறை காஞ்சி போனால், புடவைக் கடையில் செலவிடும் நேரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஆற்றைத் தாண்டுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். ஓவியத்தை மட்டும் காட்டாதீர்கள், ஆற்றையும் காட்டுங்கள். அன்று ருஷி சமுதாயம் செய்த வேலையை இன்று செய்யவேண்டிய சமுதாயம் நாம்தான்.