முத்திரையும் சோதனையும்



எங்கள் அச்சரப்பாக்கத்தின் பழம்பெயர் அச்சிறுபாக்கம். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேரச்சு இவ்விடத்தே இற்றமையால் இப்பெயர் வந்ததெனத் தலபுராணம் கூறும். புறப்படுமுன் விநாயகரை வணங்காமையே அதற்குக் காரணம் என்பர். முன்னே செய்ய வேண்டியதைச் செய்யாத தேர் நடுவழியில் நிற்கும் என்னும் கருத்து ஈண்டு நமக்குப் போதும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில திங்கள் முன்பு, மாணவர் சிலரை வேனில் பேச்சுப் போட்டிக்கு அழைத்துச் சென்றேன். வழியில் ஒரு சுங்கச்சாவடியில், கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக் வில்லையைக் கருவி படிக்கவில்லை. கணக்கிலோ பணம் இருந்தது. இரு மடங்கு கட்டணம் கேட்டனர். நேரமாயிற்றே என்று கொடுத்தேன். அப்போது ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், “ஐயா, பொய் சொல்வது வில்லையா, கருவியா?” என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. செல்லத்தக்க வில்லையும் போதிய இருப்பும் இருந்து, சாவடியின் கருவி பழுதுற்றிருப்பின், வண்டியைக் கட்டணமின்றி விட வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டின் விதி. இதனைப் பின்னரே அறிந்தேன். ஆகவே அச்சிறுவனின் வினா பணமதிப்புள்ள வினாவாகும்.

அது பழைய வினாவுங்கூட. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்களுக்குப் புலிப்பொறி இட்ட செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுக்கப்பட்டதெனக் கல்வெட்டு உரைக்கிறது. நிறுத்த கல்லின் பெயரை ஏன் பொறிக்க வேண்டும்? கொடுப்போனும் கொள்வோனும் ஒரே அளவை நம்புதற்கன்றோ!

இக்காலத்து எடைக்கல் கண்ணுக்குத் தெரியாத வானொலி அலை. வில்லையில் மின்கலம் இல்லை. படிக்கும் கருவி வீசும் அலையிலிருந்தே ஆற்றல் பெற்று, அவ்வலையைத் திருப்பி எதிரொளித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. எதிரொளிக்கும் அலையால் செய்தி அனுப்பும் முறையை ஹாரி ஸ்டாக்மன் என்பார் 1948இல் ஆராய்ந்து எழுதினார். பின்னர்ப் பல நிறுவனங்கள் தத்தம் முறையில் வில்லைகளைச் செய்தன. ஒருவர் கருவி மற்றவர் வில்லையைப் படிக்கவில்லை. இக்குறை தீர 2004இல் ‘ஜென் 2’ என்னும் பொதுநெறி வகுக்கப்பட்டது. நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை 2005இல் உரிமம் வேண்டாததாக்கப்பட்டது. நந்தன் நிலேகணி குழு 2010இல் நெடுஞ்சாலைகளுக்கு இவ்வகை வில்லையையே பரிந்துரைத்தது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று.

நெறி வகுத்தால் மட்டும் போதுமா? அதற்கு உட்பட்டதெனச் சோதித்துச் சான்று தருதல் வேண்டும். சோதனை இருவகைப்படும். முதலாவது, வில்லையும் கருவியும் தனித்தனியே விதிப்படி நடக்கின்றனவா என்று காண்பது. அலைகள் எதிரொலிக்காதவாறு சுவர் அமைந்த அறையில் இது நடைபெறும். இரண்டாவது, ஒரு நிறுவனத்தின் கருவி பிற நிறுவனத்தாரின் வில்லைகளோடு பேசுகிறதா என்று காண்பது. முன்னது தனியொழுக்கம், பின்னது கூடி வாழ்தல். வகுப்பில் தனியே நன்கு படிக்கும் மாணவன் குழுவில் தடுமாறுவதுண்டு. ஆதலின் இரண்டும் இன்றியமையாதன.

ஒன்று மறவற்க. சான்று பெறுவது சோதனைக்கு வந்த மாதிரிக்கே. கண்ணாடியில் மடிப்புற ஒட்டப்பட்ட வில்லைக்கும், சாவடியில் திசை மாறிய அலைவாங்கிக்கும் அச்சான்று காவலாகாது. கடைக்காரர் எடைக்கற்களுக்குக் குறித்த காலத்தில் மறுமுத்திரை பெறுகிறார். சாவடிக் கருவியும் அவ்வாறே மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டு, சோதித்த நாள் யாவரும் காண எழுதப்படுதல் வேண்டும் என்பது என் கருத்து.

அச்சிறுவனுக்கு இன்று நான் கூறும் விடை இது: “தம்பி, வில்லைக்கும் பொய் தெரியாது, கருவிக்கும் தெரியாது. சோதிக்காமல் நம்பச் சொல்லும் மனிதனிடத்தேதான் பிழை. உன் வினாவை விட்டுவிடாதே.”